மாணாக்கராய் இருந்த மந்திரி

பதவி ஒருவருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சௌகரியங்களைப் பற்றி நம் ஜனங்கள் ஓயாமல் பேசுவதுண்டு. அது அவரிடமிருந்து சத்தமின்றிப் பறித்துக்கொண்டு போவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நேற்றுவரை வரப்பில் நின்று, "அதெல்லாம் ஒத்து வராதுங்க, நீங்க சொல்றது தப்புங்க" என்று முகத்துக்கு நேரே மறுத்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், பதவி பெற்றவர் கழுத்தில் மாலை விழுந்த மறுநாள் முதல், "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். மரியாதை என்று இரு தரப்பாரும் கருதிக்கொள்ளும் இந்தச் சிறு மாறுதலில்தான் ஒரு தலைவருடைய அறிவு வளர்வது நின்றுபோகிறது. அவர் அறியாமலே நின்றுபோவதுதான் இதில் உள்ள விபரீதம்.

தலைவர்கள் ஆயுள் உள்ளவரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பட்டமளிப்பு விழாக்களிலும் ரோட்டரி சங்கக் கூட்டங்களிலும் தவறாமல் கேட்கக் கிடைக்கும் உபதேசம். அதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆகவே அதனால் பிரயோஜனமும் இல்லை. யாரிடம் கற்பது, கற்றதால் தமக்கு நஷ்டம் நேரும் என்று தெரிந்த பிறகும் அதன்படி நடப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டால்தான் விஷயம் விவாதத்துக்கு உரியதாகிறது. அவற்றுக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி வரை போனால் போதும்.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910ஆம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் பின்னர் சட்டமும் பயின்று, கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்து, தேச விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்த சி. சுப்பிரமணியம், 1952 முதல் பத்து ஆண்டுகள் சென்னை ராஜ்யத்தின் மந்திரியாக நிதி, கல்வி, சட்டம் ஆகிய பொறுப்புகளை நிர்வகித்த பின், 1962இல் டில்லிக்குச் சென்று மத்திய மந்திரிசபையில் உருக்குத் துறையைக் கவனித்து வந்தார். நேருவின் மறைவுக்குப் பிறகு, 1964இல், லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவையும் விவசாயத்தையும் ஒப்படைத்தார். அரசியலில் முன்னேற விரும்பும் எவரும் அந்நாளில் விரும்பி ஏற்கும் இலாகா அல்ல அது; அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் நடந்துவந்த காலம். போதாக்குறைக்கு மறு ஆண்டே மழை பொய்த்து, 1964-65இல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66இல் 7 கோடியே 20 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. குடியானவர் வீட்டுப் பிள்ளை. விவசாயம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லியிருக்க முடியாது. இதுவே அவருக்குப் பெரிய இடையூறாக முடிந்திருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். அறியாத துறைக்கு வருகிறவர் வெட்கத்தினாலாவது நாலு பேரைக் கேட்பார். தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டில் நடந்துவந்த தொழிலைப் பற்றி, ஏர் பிடித்து அறியாத ஓர் ஆராய்ச்சியாளர் எதிரில் உட்கார்ந்து, "இதை எனக்கு முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்பதற்குத்தான் அகந்தையை அடக்கும் சக்தி வேண்டும். சுப்பிரமணியம் அப்படிக் கேட்டார். எம். எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளை அழைத்து உட்கார வைத்து, உங்கள் பரிசோதனை வயலில் கிடைக்கும் விளைச்சல் குடியானவனுடைய காட்டில் ஏன் கிடைப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்ள முற்பட்டார்.

அவருக்குக் கிடைத்த விளக்கம், கேட்ட பிறகு மிக எளிதாகத் தோன்றுவது. கேட்கும்வரை எவருக்கும் தோன்றாதது. நம் நாட்டுக் கோதுமைப் பயிர் நெடிதுயர்ந்த தாள் உடையது. அதற்கு உரமும் நீரும் கூடுதலாகக் கொடுத்தால் கதிர் கனக்கும். கதிர் கனத்தால் மெலிந்த நெடுந்தாள் அதைத் தாங்கமாட்டாமல் தரையில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி தேறாது. உரம் போடுவதால் பலன் இல்லை என்று விவசாயி சொன்னது சோம்பலால் அன்று, அனுபவத்தால். மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக், ஜப்பானியக் குட்டை ரகம் ஒன்றின் குணத்தைச் சேர்த்து உருவாக்கியிருந்த கோதுமையோ, குட்டையாக நின்று, கூடுதல் உரம் போட்டாலும் எளிதில் சாயாமல் கதிரைத் தாங்கியது. ஆக, உரத் தொழிற்சாலை, பாசனம், கடன், கொள்முதல் விலை என்று தனித்தனிக் கோப்புகளில் கிடந்த பிரச்னைகள் எல்லாம் ஒரு தாளின் உயரத்தில் வந்து முடிகின்றன என்பதை, பௌதிகம் படித்த அந்த வக்கீல் புரிந்துகொண்டார்.

புரிந்துகொண்டதை ஏற்கச் செய்வது வேறு விஷயம். அந்நியச் செலாவணி ஏது என்று நிதி இலாகாவினர் கேட்டார்கள். வசதி படைத்த விவசாயிகளே பயனடைவார்கள் என்று இடதுசாரிகள் ஆட்சேபித்தார்கள். பரதேசத்து விதையை நம்பலாமா என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. இவற்றில் எதுவும் அற்பமான ஆட்சேபணை அல்ல. சிலவற்றின் நியாயம் பிற்பாடு நிரூபணமும் ஆயிற்று. சுப்பிரமணியம் இவற்றுக்கெல்லாம் சொற்பொழிவால் பதில் சொல்வதோடு நின்றுவிடாமல், விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் செயல்விளக்க வயல்களை அமைக்க ஏற்பாடு செய்தார். டில்லியில் மந்திரிக்கென்று ஒதுக்கப்பட்ட பங்களாவின் புல்வெளியையும் உழுது, அங்கே புதுக் கோதுமையை விதைத்தார். பிரமுகர்கள் தேநீர்க் கோப்பையுடன் உலவுவதற்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கத்தரித்துப் பராமரிக்கப்பட்ட அந்தப் புல்தரையில் கலப்பை இறங்கியதைக் கண்டு தலைநகரம் என்ன நினைத்ததோ. நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கு அது வெகு இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று எண்ண எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் 250 டன் விதை வந்தது. 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை தருவிக்கப்பட்டது. உலகில் அதற்கு முன் எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே சமயத்தில் வாங்கியதில்லை என்று சொல்வார்கள். 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்து, பஞ்சாபில் மூட்டை அடுக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களை மூடி அவற்றில் அடுக்க வேண்டியதாயிற்று.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விதையோடு நிறுத்திவிடுகிறார்கள். என் மனத்தில் அதைவிட ஆழப் பதிந்தது அவர் செய்த இன்னொரு காரியம். இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அதுவரை நிர்வாக அதிகாரிகளின் கையில் இருந்தது. பயிரைப் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர், பயிரைக் கோப்பில் மட்டுமே கண்டவருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். 1965இல் சுப்பிரமணியம் அந்த அமைப்பை மாற்றி, கோதுமை ஆராய்ச்சியில் தேர்ந்த பி. பி. பால் என்ற விஞ்ஞானியைத் தலைமைப் பதவியில் அமர்த்தினார். ஒரு தலைவர் தாம் கற்றுக்கொள்வது நல்ல குணம். தமக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்குக் கற்கும் விருப்பம் இல்லாவிட்டாலும், விஷயம் தெரிந்தவருடைய குரல் அவர் காதில் விழுந்தே தீரும்படி ஆசனங்களை மாற்றி வைத்துவிட்டுப் போவது ராஜதந்திரம்.

கற்பதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. புதிதாக ஒன்றை ஏற்பதைக் காட்டிலும், தம் தரப்பார் கொண்டுவந்ததைக் கைவிடுவது அது. 1953இல் ராஜாஜியின் மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் அதற்குச் சூட்டிய பெயரே நிலைத்தது. அந்த மந்திரிசபையில் சுப்பிரமணியமும் இருந்தார். எதிர்ப்பு வலுத்து ராஜாஜி விலகிய பின், காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவரும் அவரே. காமராஜரோ தம்மை எதிர்த்தவரைத் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக் கல்வி இலாகாவையும் கொடுத்தார். 1954ஆம் ஆண்டு மே மாதம் அத்திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவிக்க வேண்டிய பொறுப்பு சுப்பிரமணியத்தின் தலையில் விழுந்தது. அவர் அறிவித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பலரும் தயங்கிய ஒன்றில் உறுதியாக நின்றவர், தாம் உடன்பட்டிருந்த ஒன்றைச் சபையறியக் கைவிட்டுப் பழகியவர் என்பதை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காமராஜரைக் குறிப்பிட்டவுடன், "அவர் என்ன படித்தார்? படிக்காமலே நாட்டை ஆளவில்லையா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அம்மனிதருக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர் என்பது உண்மை. ஆனால் தாலுகா தாலுகாவாக அலைந்து, எந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, எந்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தும் பசியால் பிள்ளைகள் வருவதில்லை என்பதை நேரில் கேட்டறிந்தவர் அவர். படிக்காதவர் என்ற அடைமொழியை, கேட்காதவர்கள் தங்களுக்குக் கேடயமாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

இன்னொரு வாதம் இதைவிடக் கௌரவமானது. தலைவருக்கு முடிவு எடுக்கத் தெரிந்தால் போதும், விவரம் அறிவதற்கு அதிகாரிகளும் நிபுணர்களும் இருக்கிறார்கள் என்பது அது. நிபுணர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்றால் இதை நானும் ஒப்புக்கொள்வேன். 1965இல் விதையை வாங்கு என்றவரும் நிபுணர். வாங்காதே என்றவரும் நிபுணர். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்காவது விஷயம் அறியாத மந்திரி, யார் கடைசியாக அறையை விட்டு வெளியேறினாரோ அவருடைய யோசனைக்குக் கையெழுத்துப் போடுவார்.

கோயம்புத்தூரில் கற்பதைப் பற்றி எழுதும்போது ஜி. டி. நாயுடுவைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1893இல் கலங்கலில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, அதை வாங்குவதற்காக ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டத் தொடங்கி, 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்து காட்டி, பிறகு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இந்நகரில் தோன்றக் காரணமாக இருந்தார். கல்லூரியில் ஆண்டுக் கணக்கில் கற்பிப்பதைக் குறுகிய காலத்தில் கற்பித்துவிட முடியும் என்பது அவருடைய கட்சி. சர்க்கார் அதை ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். அவருடைய கட்சி முழுவதும் தவறு என்று நான் கருதவில்லை. ஆயினும் தனியே அமர்ந்து இயந்திரத்திடம் பாடம் கேட்பவர் மேதை ஆகலாம். ஊரை நடத்த வேண்டியவர், தம்மோடு ஒத்துப்போகாத மனிதர்களிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வித்தை முதலாவதைவிட அபூர்வமானது.

சரி, டில்லி மந்திரிகளின் கதை இருக்கட்டும். கோவையின் துடியலூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மேட்டுப்பாளையம் ரஸ்தாவில், ஜனங்கள் டியூகாஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் துடியலூர் கூட்டுறவு விவசாய சேவா ஸ்தாபனத்தில், உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மண் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டி, "இதுல சாம்பல் சத்து போதும்னு போட்டிருக்குதுங்க, அப்புறம் எதுக்குங்க பொட்டாசு?" என்று கேட்டால், விற்பவரும் பக்கத்தில் நிற்பவர்களும் அந்தத் தாளைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். தன் காட்டு மண்ணைப் பற்றிப் பிறர் சொல்லிக் கேட்பதில் ஒரு குடியானவனுக்கு இங்கே வெட்கம் இல்லை. 1906 முதல் விவசாயக் கல்லூரியும் 1912 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் நடந்துவரும் நகரத்தின் அக்கம்பக்கத்தில், கேட்டுச் செய்வது என்பது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். சுப்பிரமணியத்துக்கு யோசனை சொன்ன சுவாமிநாதனும் அந்தக் கல்லூரியில் படித்தவரே. விவசாயிக்கு வாய்த்திருக்கும் இப்பழக்கம் அவருடைய பிரதிநிதிக்கு ஏன் வாய்ப்பதில்லை?

துடியலூர் பேரூராட்சி 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. சோளக்காடாகவும் தென்னந்தோப்பாகவும் இருந்தவை மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு தோண்டி, மழைத் தண்ணீர் போக வழியின்றி ரஸ்தாவில் நிற்கும் நிலைமைக்கு வந்து நிற்கிறோம். முந்தைய தலைமுறைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு, தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் எங்கெங்கே என்று தெரிந்திருந்தால் காரியம் நடந்தது. இன்றைய மாமன்ற உறுப்பினர், பாதாளச் சாக்கடையின் சரிவு எத்திசையில் இருக்க வேண்டும், மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வண்டி ஏறிய பிறகு எங்கே போகின்றன, குருடிமலையில் தோன்றி நொய்யலைச் சேரும் கௌசிகா நதியின் ஓடைகள் வருவாய்த் துறை வரைபடத்தில் எந்தப் புல எண்களின் வழியே செல்கின்றன என்பதையெல்லாம் அறிய வேண்டியவராக இருக்கிறார். இவற்றை அறியாதவர் தீய எண்ணம் சிறிதும் இல்லாமலே ஓடையின் குறுக்கே கான்கிரீட் ரஸ்தாவுக்குப் பூமி பூஜை போட்டுவிட முடியும்.

இதற்குப் பரிகாரமாக நாம் கண்டுபிடித்திருப்பது பயிற்சி முகாம். காலையில் பொன்னாடை, நடுவில் திரையில் ஓடும் படங்கள், மத்தியானம் சாப்பாடு, மாலையில் சான்றிதழோடு ஒரு குழுப் படம். கற்றல் என்பது ஒருநாள் விசேஷம் என்ற எண்ணத்தைப் பரப்புவதைத் தவிர இவற்றால் ஏதேனும் நடந்ததாக நான் காணவில்லை. ஒரு வார்டில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஏறுகிறது, மேட்டுத் தெருவில் ஏன் ஏறுவதில்லை என்பதை, கையில் இரும்புச் சாவியுடன் விடியுமுன் வந்து வால்வைத் திறந்துவிடும் தொழிலாளி அறிவார். குழாய் எந்த இடத்தில் குறுகுகிறது என்பதுகூட அவருக்குத் தெரியும், வரைபடத்தில் அது இராது. உறுப்பினர் ஒரு மாதம் வாரத்துக்கொரு விடியற்காலை அவரோடு நடந்தால், முகாமில் கிடைக்காதது கிடைக்கும். அவ்வாறே இளநிலைப் பொறியாளர் ஒருவர், "ஐயா, இந்த இடத்தில் வடிகால் கட்டினால் தண்ணீர் எதிர்த்து வரும்" என்று தம் குறிப்பை எழுதிவைக்கவும், அக்குறிப்பு கூட்டத்தில் வாசிக்கப்படவும், அதை மீறி முடிவு எடுத்தால் காரணம் பதிவாகவும் ஏற்பாடு வேண்டும். சுப்பிரமணியம் ஆராய்ச்சிக் கழகத்தில் செய்த ஆசன மாற்றத்தை நாம் ஒரு மண்டல அலுவலகத்தில் செய்து பார்க்க இது போதும். செலவு அதிகம் ஆகாது.

இப்படிக் கற்றால் வோட்டு விழுமா என்று கேட்டால், உறுதி கூற முடியாது. கோதுமைப் புரட்சிக்கு வித்திட்ட அந்த மந்திரியே 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் கொதித்த நேரம். இந்தி விஷயத்தில் டில்லியின் போக்கை ஏற்காமல் 1965இல் அவர் ராஜிநாமாக் கடிதம் கொடுத்ததும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவர் ஏற்பாட்டின் பலன் களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மந்திரியாக இல்லை. பின்னாளில் நிதி மந்திரியாகவும் மஹாராஷ்டிர கவர்னராகவும் இருந்து, 1998இல் பாரத ரத்னா பெற்று, தொண்ணூறு வயதில், 2000ஆம் ஆண்டில், தேசிய வேளாண் அறக்கட்டளையை ஏற்படுத்திவிட்டு அதே ஆண்டு நவம்பரில் காலமானார். மண் பரிசோதனையும் விவசாயிகளுக்குப் பயிற்சியும் அந்த அறக்கட்டளையின் பணிகளில் முக்கியமானவை. முதல் புரட்சியில் விளைச்சல் பெருகியது. அத்துடன் உரத்தின் அளவும் நிலத்தடி நீரின் இறைப்பும் பெருகின. தாம் பெயர் பெற்ற காரியத்தின் பின்விளைவைத் தாமே மறுபடி பரிசீலிக்க ஒரு தொண்ணூறு வயதுக்காரர் முன்வந்ததை, அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை.

உள்ளாட்சித் தேர்தல் வரும்போது நம் வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடம், என்ன செய்வீர்கள் என்று கேட்பதே வழக்கமாக இருந்துவருகிறது. அவர்களும் ரஸ்தா, சாக்கடை, தண்ணீர் என்று ஒப்பித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்கள். மறுபடி நிற்பவராக இருந்தால், சென்ற ஐந்து வருஷத்தில் எந்த விஷயத்தில் உங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டீர்கள், யார் சொல்லி மாற்றிக்கொண்டீர்கள் என்று இம்முறை கேட்டுப் பார்க்கலாம்.